எழுதாதவருக்கான எழுத்து: ரோலான் பார்த்தின் துக்கமும் படைப்பும்

1. கேள்வி

பிரெஞ்சு இலக்கியக் கோட்பாட்டாளர் ரோலான் பார்த்தின் தாய் ஹான்ரியெத் 1977 அக்டோபர் 25 அன்று தம் 84ஆம் வயதில் காலமானார். தட்டச்சுத் தாளை நான்காக வெட்டிய சீட்டு ஒன்றில் மறுநாளே பார்த் தேதியிட்டுச் சில வரிகள் எழுதினார். அப்படித் தொடங்கிய குறிப்புகள் 1979 செப்டம்பர் 15 வரை நீண்டு, முந்நூறுக்கும் மேற்பட்ட சீட்டுகளாகச் சேர்ந்தன. அவற்றை அவர் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றபின், 2009இல், நத்தலி லெஜேயின் பதிப்பில் ‘துக்க நாட்குறிப்பு’ என்ற நூலாக அவை வெளிவந்தன.

இந்தச் சீட்டுகளையும், அதே காலத்தில் அவர் ஆற்றிய உரைகளையும், 1980 ஜனவரியில் வெளியான ‘கேமரா லூசிடா’ என்ற புகைப்பட நூலையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரு கேள்வி எழுகிறது. துக்கத்தில் இருக்கும் எழுத்தாளருக்கு எழுத்து என்ன செய்கிறது? மனத்தை ஆற்றுகிறது என்பதே பலரும் சொல்லும் விடை. பார்த் விட்டுச்சென்ற சான்றுகள் அந்த விடைக்கு இடம் தரவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். எழுதியதால் அவர் துக்கம் தீரவில்லை. எழுத்து அவருக்கு வேறொரு வேலையைச் செய்தது. ஒரு வரிகூட எழுதிவைக்காமல் போன ஒருவர் இந்த உலகில் வாழ்ந்தார் என்பதைப் பிறர் ஒப்புக்கொள்ளச் செய்யும் வேலை அது.

2. இதுவரையிலான புரிதல்கள்

துக்கம் பற்றிய நவீனச் சிந்தனை பெரும்பாலும் ஃப்ராய்ட் 1917இல் வெளியிட்ட ‘துக்கமும் மனச்சோர்வும்’ கட்டுரையிலிருந்து தொடங்குகிறது. இழந்தவர்மீது படிந்திருந்த பற்றை மனம் ஒவ்வொரு நினைவாக எடுத்துப் பார்த்து மெல்ல மெல்ல விலக்கிக்கொள்கிறது. அந்த வேலை முடிந்ததும் அது மீண்டும் விடுதலை பெறுகிறது என்பது அதன் சாரம். இதன்படி துக்கம் ஒரு பணி. பணி என்றால் அதற்கு முடிவும் உண்டு.

ஃப்ராய்டின் வாழ்க்கையே இந்தக் கோட்பாட்டோடு முழுமையாக ஒத்துப்போகவில்லை. அவருடைய மகள் சோஃபி 1920 ஜனவரியில் இன்ஃப்ளுயன்சா காய்ச்சலில் இறந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, மகனைப் பறிகொடுத்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், இப்படிப்பட்ட இழப்புக்கு மாற்று எதுவும் கிடைக்காது என்றும், அந்த வெற்றிடம் நிரம்பினாலும் நிரம்பியது வேறொன்றாகவே இருக்கும் என்றும், அன்பைக் கைவிடாமல் இருக்க அதுவே வழி என்றும் ஃப்ராய்ட் சொல்கிறார். கோட்பாட்டாளர் முடித்துவைத்ததைத் தந்தை முடிக்கவில்லை.

எழுத்து ஆற்றும் என்ற நம்பிக்கைக்கு உளவியல் ஆய்வின் துணையும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் என்பவருடன் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தைத் தாக்கிய நிகழ்வுகளைச் சில நாட்கள் தொடர்ந்து எழுதிய மாணவர்கள் பின்னர் மருத்துவரை நாடுவது குறைந்ததாகக் காட்டினார். ஆனால் துணையை இழந்தவர்களிடம் மார்கரெட் ஸ்ட்ரோபும் சக ஆய்வாளர்களும் இதே கேள்வியை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவுகள், உணர்ச்சிகளை வெளிப்படுத்துவது துக்கத்திலிருந்து மீள்வதை விரைவுபடுத்துகிறது என்பதற்குச் சான்று தரவில்லை. பொதுவான மன அதிர்ச்சிக்குப் பொருந்துவது மரணத்துக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது. இறந்தவரோடுள்ள உறவை அறுத்துக்கொள்வது துக்கத்தின் இலக்கு ஆகாது, வேறு வடிவில் அந்த உறவு தொடர்வதும் இயல்புதான் என்ற கருத்தை டென்னிஸ் க்ளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் 1996இல் தொகுத்த ‘தொடரும் பிணைப்புகள்’ நூல் முன்வைத்தது.

தமிழ்ச் சிற்றிதழ் வாசகருக்குப் பார்த் வேறொரு வழியாக அறிமுகமானவர். தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ நூல் 1982இல் வந்ததையொட்டி நடந்த அமைப்பியல், பின்னமைப்பியல் விவாதங்களில் அவர் ‘ஆசிரியனின் மரணம்’ என்ற கட்டுரையின் ஆசிரியராகவே நின்றுவிட்டார். பிரதிக்குப் பின்னால் இருக்கும் மனிதரைத் தேட வேண்டாம் என்றவர், வாழ்வின் கடைசி ஆண்டுகளில் ஒரு மனிதரை மட்டுமே தேடினார். அந்தப் பார்த் தமிழ் விவாதங்களில் போதிய அளவு பேசப்படவில்லை. அவரைச் சேர்த்துப் படித்தால் முந்தைய பார்த்தின் கோட்பாடும் வேறு வெளிச்சத்தில் தெரியும்.

3. சீட்டுகள்: எழுதவும் அஞ்சிய எழுத்து

பார்த் பிறந்தது 1915 நவம்பரில். ஓராண்டு நிறைவதற்குள், 1916 அக்டோபரில், கடற்படையில் இருந்த தந்தை வட கடல் சண்டையில் கொல்லப்பட்டார். தாய் பாரிஸில் புத்தகங்களுக்கு பைண்டிங் செய்து குடும்பத்தைத் தாங்கினார். இளமையில் காசநோயால் சானடோரியங்களில் கழித்த ஆண்டுகளும் வெளிநாட்டுப் பணிகளும் நீங்கலாக, பார்த் வாழ்நாள் முழுவதும் தாயோடுதான் இருந்தார். 1977 ஜனவரி 7 அன்று கொலேஜ் த ஃப்ரான்ஸில் அவர் பேராசிரியராகத் தொடக்கவுரை ஆற்றியபோது தாய் அவையில் இருந்தார். அதே ஆண்டின் இறுதிக்குள் அவர் இல்லை.

சீட்டுகளில் முதலில் கண்ணில் படுவது அவற்றின் சிறுமை. பல சீட்டுகளில் இரண்டு மூன்று வரிகளே உள்ளன. கதை இல்லை, வளர்ச்சி இல்லை. துக்கம் படிப்படியாகக் குறையும் என்று எதிர்பார்த்து வருபவரை அவை ஏமாற்றும். ஒரு நாள் தெளிவு, மறுநாள் பழைய நிலை. துக்கம் தொடர்ச்சியாகத் தேய்வதில்லை, விட்டுவிட்டுத் தாக்குகிறது என்பதை அவரே கவனித்து எழுதுகிறார். உளப்பகுப்பாய்வு தரும் கலைச்சொற்களையும் ஏற்க மறுத்து, தமக்கு நேர்ந்திருப்பது வெறும் துயரம் என்கிறார்.

இறப்புக்குச் சில நாட்களுக்குப் பின் எழுதிய ஒரு குறிப்பு இக்கட்டுரையின் கேள்வியை நேரடியாகத் தொடுகிறது. தாயின் மரணத்தைப் பற்றிப் பேசினால் அது இலக்கியமாகிவிடுமோ என்று அவர் அஞ்சுகிறார். அடுத்த மூச்சிலேயே, இலக்கியம் இத்தகைய உண்மைகளிலிருந்துதான் பிறக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறார். சொந்த வலியைச் சொல்லழகுக்குக் கருவியாக்குவது இறந்தவருக்குச் செய்யும் துரோகம். அதைச் சொல்லாமலே விடுவதும் துரோகம்தான். பின்வந்த இரண்டாண்டு எழுத்து முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே வழி தேடுகிறது.

நினைவு எங்கிருந்து தாக்கும் என்பதைச் சீட்டுகள் நுட்பமாகப் பதிவுசெய்கின்றன. பேக்கரியில் கேக் வாங்கக் காத்திருக்கிறார். விற்பனைப் பெண் முன்னால் நிற்பவருக்குப் பொருளை எடுத்துக் கொடுக்கும்போது, இதோ என்கிறாள். நோயுற்ற தாய்க்கு எதையாவது கொண்டுவந்து தரும்போது பார்த் சொன்ன சொல் அது. இறுதி நாட்களில் நினைவு மங்கிய நிலையில் தாயும் அதையே மெல்லத் திருப்பிச் சொல்லியிருந்தார். கடையில் கேட்ட அந்த ஒற்றைச் சொல் அவரை அழவைத்துவிடுகிறது. பெரிய நிகழ்வுகளும் நினைவு நாட்களும் செய்யாததை, யாரோ யாரிடமோ சொன்ன ஒன்று செய்கிறது. வேறொரு குறிப்பில், தாய் வீட்டைப் பேணிய விதத்திலேயே சமையலையும் சுத்தத்தையும் துணிமணிகளையும் பேணுவதன் வழியாக அவரோடு பேசிக்கொண்டிருப்பதாக எழுதுகிறார். ‘தொடரும் பிணைப்பு’ என்று ஆய்வாளர்கள் பின்னாளில் பெயரிட்டதன் அன்றாட வடிவம் இங்கே தெளிவாக இருக்கிறது.

4. ப்ரூஸ்ட் என்ற முன்னோடி

1978 ஏப்ரல் 15 அன்று காசாப்ளாங்காவில் பார்த்துக்கு ஒரு முடிவு தோன்றியது. இனி வாழ்க்கையை எழுத்துக்கென்றும் ஆசிரியப் பணிக்கென்றும் பிரிக்காமல், முழுவதையும் ஒரே இலக்கியத் திட்டத்துக்கு ஒப்படைப்பது என்பது அந்த முடிவு. அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று கொலேஜ் த ஃப்ரான்ஸில் ப்ரூஸ்ட் பற்றி உரையாற்றினார். டிசம்பரில் ‘நாவலுக்கான தயாரிப்பு’ என்ற வகுப்பைத் தொடங்கினார்.

ப்ரூஸ்டின் தாய் இறந்தது 1905இல். ‘இழந்த காலத்தைத் தேடி’ உருக்கொள்ளத் தொடங்கியது 1909வாக்கில். இடைப்பட்ட ஆண்டுகளில் ப்ரூஸ்ட் கட்டுரைக்கும் நாவலுக்கும் நடுவே தத்தளித்தார் என்பதைப் பார்த் அழுத்திச் சொல்கிறார். தாயின் மரணம் ப்ரூஸ்டின் வாழ்க்கையை இரண்டாகப் பிளந்தது. ஆனால் பிளவு உடனே படைப்பாகிவிடவில்லை. கட்டுரையும் அல்லாத, நாவலும் அல்லாத மூன்றாவது வடிவம் ஒன்று கைகூடிய பிறகே எழுத்து பெருகியது.

துக்கம் படைப்பைப் பிறப்பிக்கிறது என்ற எளிய சூத்திரத்தை இந்த உரை தளர்த்திவிடுகிறது. துக்கம் பலருக்கும் வருகிறது. எல்லோரும் ப்ரூஸ்ட் ஆவதில்லை. துக்கம் எழுத்தாளரிடமிருந்து பழைய வடிவங்களைப் பறிக்கிறது, அவ்வளவே. இதுவரை எழுதியபடி இனி எழுத முடியாது என்ற நிலையில் அவரை விடுகிறது. புதிய வடிவத்தைக் கண்டெடுப்பது அவருடைய உழைப்பு. அதே உரையில், ப்ரூஸ்டின் நாவலில் வரும் பாட்டியின் மரணத்தையும் தோல்ஸ்தோயின் ‘போரும் அமைதியும்’ நாவலில் முதிய பல்கோன்ஸ்கி இறக்கும் கட்டத்தையும் பார்த் எடுத்துக்காட்டுகிறார். தாம் நேசித்தவர்களைச் சொல்வது, அவர்கள் வீணாக வாழ்ந்து மடியவில்லை என்று சாட்சி சொல்வது நாவலால்தான் முடியும் என்று அவருக்குப் படுகிறது. ஆறுதலைப் பற்றி அங்கே பேச்சில்லை, சாட்சியைப் பற்றியே பேச்சு.

5. காட்டப்படாத புகைப்படம்

காசாப்ளாங்கா நாளிலிருந்து சரியாக ஓராண்டு கழித்து, 1979 ஏப்ரல் 15 அன்று பார்த் ‘கேமரா லூசிடா’வை எழுதத் தொடங்கினார், ஜூன் 3 அன்று முடித்தார். இந்தத் தேதிகளை நூலின் இறுதியில் அவரே குறித்திருக்கிறார். 48 சிறு பகுதிகள், 24 வீதம் இரண்டு பாகங்கள். முதல் பாகத்தில் ஸ்டூடியம், பங்க்டம் என்ற இரு கருத்துகள் அறிமுகமாகின்றன. பண்பாட்டு அறிவின் துணையோடு ஒரு படத்தில் கொள்ளும் பொதுவான ஈடுபாடு ஸ்டூடியம். எதிர்பாராமல் படத்திலிருந்து பாய்ந்து வந்து பார்ப்பவரைக் குத்தும் சிறு கூறு பங்க்டம். இரண்டாம் பாகம் தாயின் மரணத்தோடு தொடங்க, முதல் பாகத்தின் கோட்பாடும் மாறிவிடுகிறது. பங்க்டம் இப்போது காலம்தான். அமெரிக்க அமைச்சர் சீவர்டைக் கொல்ல முயன்று தூக்குத் தண்டனையை எதிர்நோக்கியிருந்த லூயிஸ் பெய்னை 1865இல் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த படம் இதற்குச் சான்றாகிறது. அந்த இளைஞன் இனி இறக்கப்போகிறவன், ஏற்கெனவே இறந்துவிட்டவனும் அவனே.

இரண்டாம் பாகத்தின் மையம் 1898இல் ஷென்வியேரில் எடுத்த ஒரு படம். கண்ணாடிக் கூரையிட்ட குளிர்காலத் தோட்டத்தில் ஐந்து வயதுச் சிறுமியாக ஹான்ரியெத்தும் ஏழு வயது அண்ணனும் நிற்கிறார்கள். தாயின் பிந்தைய படங்கள் எதிலும் கிடைக்காத அவருடைய இயல்பு, தாம் பிறப்பதற்கு முன் எடுத்த இந்தப் படத்தில் பார்த்துக்குக் கிடைக்கிறது. நோயில் கிடந்த தாயை அவர் குழந்தையைப் போலப் பேணியிருந்தார். படத்தில் இருப்பவர் அந்தக் குழந்தை. நூலில் பல புகைப்படங்கள் அச்சாகியுள்ளன. நாதார் எடுத்த, கலைஞரின் தாயோ மனைவியோ என்று குறிக்கப்பட்ட ஒரு மூதாட்டியின் படமும் அவற்றில் உண்டு. குளிர்காலத் தோட்டப் படம் மட்டும் இல்லை. அது தமக்கு மட்டுமே படம் என்றும், வாசகருக்கு ஒரு காலத்தின் உடைகளையும் பழமையையும் தவிர வேறெதுவும் அதில் கிடைக்காது என்றும் பார்த் காரணம் சொல்கிறார்.

அந்தப் படம் உண்மையில் இருந்ததா என்ற ஐயம் ஆய்வாளர்களிடையே எழுந்தது. கலை வரலாற்றாசிரியர் மார்கரெட் ஓலின் 2002இல் எழுதிய கட்டுரையில், ஜேம்ஸ் வான் டெர் ஸீயின் குடும்பப் படத்தில் இருக்கும் கழுத்தணியைப் பார்த் தவறாக நினைவுகூர்ந்ததையும், அவர் சொல்லும் அணி அவருடைய சொந்தக் குடும்பப் படம் ஒன்றில் காணப்படுவதையும் காட்டினார். குளிர்காலத் தோட்டப் படமும் இப்படிப் புனையப்பட்டதாக இருக்கலாம் என்றார். நாட்குறிப்பு வெளியானபோது இந்த வழக்கில் புதிய சான்று சேர்ந்தது. ஷென்வியேர் படத்தைக் கண்டு நிலைகுலைந்ததை 1978 ஜூன் 13ஆம் தேதிச் சீட்டு குறிப்பிடுகிறது. அந்த ஆண்டின் இறுதியில், பிரதியெடுத்த படத்தை எழுதும் மேசைமேல் வைக்க முயன்று, அதன் முன்னால் இருக்க முடியாமல் தவித்ததை மற்றொரு சீட்டு சொல்கிறது. அச்சிடும் எண்ணமின்றி எழுதிய குறிப்பில் இல்லாத படத்தைப் புனைய வேண்டிய தேவை இல்லை. படம் இருந்தது என்று கொள்வதே நியாயம்.

ஆனால் அதே சான்று இன்னொன்றையும் காட்டுகிறது. நூலில் இந்தத் தேடல் தாய் இறந்த சிறிது காலத்தில், ஒரு நவம்பர் மாலையில், விளக்கின் கீழ் நடக்கிறது. நாட்குறிப்பிலோ அது ஜூன் மாதக் காலை. ஏழு மாத இடைவெளியைப் பார்த் ஒரே மாலைக்குள் அடக்கியிருக்கிறார். இதைப் பொய் என்று தள்ளுவது வாசிப்பு ஆகாது. நாட்குறிப்பில் சிதறிக் கிடந்த அனுபவத்துக்கு நூலில் ஓர் ஒழுங்கும் ஒரு திசையும் கிடைக்கின்றன. முதுமையிலிருந்து குழந்தைமை நோக்கிப் பின்னோக்கிச் செல்லும் பயணமாக அது மாறுகிறது. அஞ்சியபடியே அது இலக்கியம் ஆகிவிட்டது. ஆனபோதும் மையத்தில் இருக்க வேண்டிய படத்தை வெளியே விடவில்லை. தாயைப் பற்றி எல்லோருக்கும் சொல்வதும் தாயை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் ஒரே வடிவத்துக்குள் நிகழ்ந்திருக்கின்றன. ப்ரூஸ்ட் உரையில் அவர் தேடிய மூன்றாவது வடிவம் இதுதான் என்பது என் கருத்து.

6. எழுதாதவர்களுக்கான கடன்

இந்த நூலை ஏன் எழுத வேண்டியிருந்தது என்பதற்கான விடையும் சீட்டுகளிலேயே இருக்கிறது. தாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பாமல் தம்மால் வேறு எதையும் தொடங்க முடியாது என்று 1978இல் எழுதுகிறார். 1979 மார்ச் குறிப்பு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. தம் பெயர் தமக்குப் பின் நிலைப்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. தாயின் நினைவு அப்படி அழிவதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. தாய் எதுவும் எழுதவில்லை, அவருடைய நினைவு முழுக்க முழுக்கத் தம்மையே நம்பியிருக்கிறது என்பதை ஒரு காரணமாக அவர் ஊகிக்கிறார்.

இந்தக் குறிப்புதான் பார்த்தின் துக்க எழுத்துக்குத் திறவுகோல் என்று கருதுகிறேன். ஹான்ரியெத் பிறர் எழுதிய புத்தகங்களை பைண்டிங் செய்து பிழைத்தவர். தமக்கென ஒரு பக்கமும் விட்டுச்செல்லாதவர். இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்களே. அவர்களை அறிந்தவர்கள் மறையும்போது அவர்கள் இரண்டாம் முறை மறைகிறார்கள். எழுத்தாளர் அந்தக் குடும்பத்தில் ஒருவராக இருந்தால், தம் கையில் இருக்கும் திறன் திடீரென்று ஒரு கடனாக உருமாறுவதை உணர்கிறார். ஆசிரியரை மரணிக்கச் செய்த பார்த்துக்கும் இந்தப் பார்த்துக்கும் முரண் இல்லை என்பதும் இங்கே விளங்கும். இரண்டு இடத்திலும் எழுதுபவரின் புகழ் முக்கியமற்றுப் போகிறது. எழுத்து மற்றவருக்காக இருக்கிறது.

எழுத்து துக்கத்தைத் தீர்த்ததா என்பதைச் சோதிக்கவும் தேதிகள் உதவுகின்றன. நூல் 1979 ஜூன் 3 அன்று முடிந்தது. கடன் தீர்ந்த நிம்மதி அதன்பின் வந்திருந்தால் சீட்டுகளில் தெரிந்திருக்க வேண்டும். செப்டம்பர் 15ஆம் தேதியிட்ட கடைசிச் சீட்டு பேசுவது சோகமான காலைகளைப் பற்றி. சின்னம் எழும்பிவிட்டது, வலி அங்கேயே இருந்தது. 1979இல் சீட்டுகளின் எண்ணிக்கை அருகிப்போனதை ஆறுதலின் அடையாளமாகக் கொள்ளலாம் என்று ஒருவர் வாதிடலாம். அழுகை நின்றதையே அது காட்டக்கூடும். காலம் இழப்பின் உணர்ச்சியை மட்டும் அகற்றுகிறது, மற்றவை அசையாமல் அப்படியே நிற்கின்றன என்று ‘கேமரா லூசிடா’விலேயே பார்த் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்.

7. இரு மறுப்புகள்

முதல் மறுப்பு சீட்டுகளைப் பதிப்பித்தது பற்றியது. ஒரே தாய்க்குப் பிறந்த தம்பி மிஷேல் சல்செதோவின் ஒப்புதலோடு நூல் வெளிவந்தபோது, பார்த்தின் நண்பரும் முன்னாள் பதிப்பாசிரியருமான ஃப்ரான்சுவா வால் வெளிப்படையாக எதிர்த்தார். தாயின் படத்தையே காட்டாதவரின் அந்தரங்கச் சீட்டுகளைக் கடைக்கு அனுப்புவது அவர் பேணிய எல்லையை மீறுவது என்பதில் நியாயம் இருக்கிறது. எனினும் இக்கட்டுரையே அந்தச் சீட்டுகளை நம்பி நிற்கிறது என்பதை மறைக்க முடியாது. அவற்றைச் சான்றாகக் கொள்ளலாம், முடிந்த படைப்பாகப் போற்றக் கூடாது என்ற வரையறையோடு அணுகுவது நேர்மையான நடுவழி.

இரண்டாவது மறுப்பு கனமானது. பார்த் காட்டும் தாய் மாசற்ற கனிவின் உருவம். உழைத்த பெண்ணாக, ஆசைகளும் கோபங்களும் உள்ளவராக அவர் நூலில் வருவது மிகக் குறைவு. குளிர்காலத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் வரலாறும் விடுபட்டிருக்கிறது. அந்தச் சிறுமியின் தந்தை லூயி-குஸ்தாவ் பேன்ஜே, மேற்கு ஆப்பிரிக்காவில் பயணம் செய்து ஐவரி கோஸ்ட் என்ற பிரெஞ்சுக் காலனிக்கு ஆளுநரானவர். பேன்ஜேர்வில் நகரம் இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. பார்த்தின் ‘புராணங்கள்’ நூலில் பிரெஞ்சுக் கொடிக்கு வணக்கம் செலுத்தும் கறுப்பினச் சிறுவனின் அட்டைப்படத்தைப் பிரித்து ஏகாதிபத்தியத்தைக் காட்டிய அதே கண், சொந்தக் குடும்பப் படத்தில் அதைத் தேடவில்லை. துக்கம் பார்வையைக் கூர்மையாக்குவதோடு குறுக்கவும் செய்கிறது. சாட்சி சொல்பவர் முழுமையாகச் சொன்னார் என்று இதன் பிறகு கூற முடியாது. அன்பின் சாட்சியத்தை வரலாற்றின் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாமல் வாசிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்கிறது.

8. முடிவாக

1979 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பார்த் ‘வீட்டா நோவா’ என்ற நாவலுக்காக எட்டுத் தாள்களில் திட்டம் தீட்டினார். பெயாட்ரிச்சேயின் மரணத்துக்குப் பின் தாந்தே எழுதிய நூலின் பெயரைத் தழுவிய தலைப்பு அது. நாவல் எழுதப்படவில்லை. 1980 பிப்ரவரி 25 அன்று பாரிஸ் தெருவில் சலவைக் கடை வண்டி மோதி, மார்ச் 26 அன்று இறந்தார். விபத்தன்று அவருடைய தட்டச்சுப் பொறியில் இருந்தது ஸ்டாந்தால் பற்றிய கட்டுரை. இத்தாலிமீது ஸ்டாந்தால் கொண்ட காதல் அவருடைய பயண நாட்குறிப்புகளில் வெறும் வியப்பொலிகளாகவே நிற்கிறது, ‘பார்மாவின் துறவு மடம்’ நாவலில்தான் வாசகரையும் பற்றிக்கொள்கிறது என்பது அதன் வாதம். நேசத்தைக் குறித்துவைப்பது ஒன்று, பிறரிடம் சேர்ப்பது வேறு என்று கடைசியாகவும் அவர் சிந்தித்திருக்கிறார்.

துக்க எழுத்தை வாசிக்கும் நாம் பெரும்பாலும் எழுதியவரின் நலத்தையே விசாரிக்கிறோம். அவர் மீண்டாரா, தெளிந்தாரா, எழுத்து அவரைக் காப்பாற்றியதா என்று கேட்கிறோம். பார்த்தின் சான்று இந்தக் கேள்விகளை இடம் மாற்றச் சொல்கிறது. இறந்தவருக்கு இந்த எழுத்து என்ன செய்தது, எதைச் சொன்னது, அவருக்காக எதைச் சொல்லாமல் காத்தது, எதைச் சொல்லத் தவறியது என்பவையே துக்க இலக்கியத்தை மதிப்பிடத் தக்க அளவுகோல்கள். இவற்றால் அளந்தால் ‘கேமரா லூசிடா’ குறைகள் உள்ள நூல்தான். ஆயினும் புத்தகங்களுக்கு அட்டை கட்டிப் பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணை, அவர் முகத்தைப் பார்த்தறியாத நாட்டினரும் மொழியினரும் இன்று அறிந்திருக்கிறார்கள். அவருடைய மகன் தீர்க்க விரும்பிய கடன் அதுவே, அது தீர்ந்திருக்கிறது.